4,000 வெள்ளி யார் தருவார்கள்?

நிபோங் தெபாலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தலைப்பு, ரப்பர் தோட்டங்களில் இருந்த ஆயாக்கொட்டகைகள். அங்கே பிள்ளை பார்த்த ஆயாக்களையும், விடியுமுன் பிள்ளையை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்களையும் தேடிப் பிடித்துப் பேச்சைப் பதிவு செய்கிறார். "சனிக்கிழமைகளில்தான் போக முடிகிறது; பக்கத்து வீட்டு அக்கா என் மகளைப் பார்த்துக்கொள்கிறார். தேவை 4,000 வெள்ளிதான். தேடினால் வருவதெல்லாம் முழு உபகாரச் சம்பளம், அதை எடுத்தால் வேலையை விட வேண்டும். பெண்களின் ஆய்வுக்கென்று சின்னச் சின்ன நிதிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கே, எப்படிக் கேட்பது?" என்று கேட்டு, தன் செலவுக் கணக்கையும் கூடவே அனுப்பியிருந்தார்.

டீச்சர், நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகத்தில் 19 ஆண்டு உட்கார்ந்தவள். மனு எழுதியதைவிட, மற்றவர்கள் எழுதியதைப் படித்ததுதான் அதிகம். 40,000 கேட்கும் மனுவைவிட 4,000 கேட்கும் மனுவில்தான் ஆட்கள் அதிகமாகச் சறுக்குவார்கள். சின்னத் தொகைதானே என்று கணக்கை ஒப்புக்கு எழுதிவிடுவார்கள். சின்ன நிதி கொடுப்பவருக்கோ பார்ப்பதற்கு அந்தக் கணக்கைத் தவிர வேறு அதிகம் இருக்காது. உங்கள் கணக்கிலும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்களுக்கு ஆகாதவற்றைக் கழித்துவிடுவோம், நேரம் மிச்சம்.

பெண்கள் படிப்புக்கான நிதி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், ஏ.ஏ.யூ.டபிள்யூ. 1881-ல் தொடங்கியது. அந்த மரபில் முதன்முதலாக ஒரு பெண்ணின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது 1888-ல். தொகை 350 டாலர். அன்றைக்கு அதுவும் சின்ன நிதிதான். 1917 முதல் வெளிநாட்டுப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் அமெரிக்காவில் போய்ப் படிக்க வேண்டும். 1949-ல் வந்த, பி.இ.ஓ. என்ற பெண்கள் அமைப்பின் அமைதி உபகாரச் சம்பளமும் அப்படியே, அமெரிக்கா அல்லது கனடா. பள்ளியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இருக்கிற உங்களுக்கு இரண்டும் சரிவராது.

லோரியால் நிறுவனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1998-ல் தொடங்கிய அறிவியல் பெண்களுக்கான திட்டம் 2006 முதல் மலேசியாவிலும் நடக்கிறது. அது அறிவியல் ஆய்வாளர்களுக்கு மட்டும். ஸோண்டா என்ற பெண்கள் அமைப்பு, விமானி அமேலியா இயர்ஹார்ட் பெயரில் 1938 முதல் கொடுத்துவரும் நிதி வான்வெளிப் பொறியியலில் முனைவர் ஆய்வு செய்யும் பெண்களுக்கு, 10,000 டாலர். எந்த நாட்டுப் பெண்ணும் கேட்கலாம். உங்கள் ஊரிலேயே பொறியியல் வளாகம் இருக்கிறது, வான்வெளிப் பொறியியல் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பெண்பிள்ளை யாராவது தெரிந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கணினித் துறைப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டு வருபவர்களே குறைவு. ஏ.சி.எம். என்ற கணினி அறிஞர் சங்கத்தின் பெண்கள் பிரிவு, மாணவிகள் ஆய்வு மாநாட்டுக்குப் போக உதவுகிறது. அதே கண்டத்துக்குள் என்றால் 600 டாலர் வரை, கண்டம் விட்டுக் கண்டம் என்றால் 1,200 டாலர் வரை. கட்டுரை படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. "கட்டுரை ஏற்கப்படவில்லையே, எப்படிக் கேட்பது" என்று வெட்கப்பட்டு விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆயாக்கொட்டகை மானிடவியலில் போய் உட்காரக்கூடிய தலைப்பு. மானிடவியலில் வென்னர் கிரென் அறக்கட்டளை முனைவர் மாணவர்களின் களப்பணிக்கு 25,000 டாலர் வரை கொடுக்கிறது, நாடு பார்ப்பதில்லை. உங்கள் தேவைக்கு அது பெரிய பானை. ஆனாலும் அவர்கள் பாரத்தில் கேட்கும் கேள்விகளை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழிலேயே பதில் எழுதிப் பாருங்கள். என்ன சான்று சேகரிக்கப் போகிறாய், அந்தச் சான்று உன் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும் என்று துருவுவார்கள். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற எந்த மனுவும் பாதி எழுதியாயிற்று.

4,000 வெள்ளிக்கு நான் முதலில் தட்டச் சொல்வது உங்கள் மேற்பார்வையாளரின் கதவை. அவரிடம் உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற அடிப்படை ஆய்வு நிதி இருந்தால், அந்த நிதியின் கீழ் எத்தனை பட்டமேற்படிப்பு மாணவர்களை உருவாக்கினார் என்பதும் அவர் காட்ட வேண்டிய கணக்கில் வரும். அதாவது நீங்கள் அவருக்குத் தேவை. நம் பெண்கள் பலர் இதை உதவி கேட்பதுபோல் நினைத்துத் தயங்குகிறார்கள். "என் தலைப்பு உங்கள் நிதியின் நோக்கத்தோடு எங்கே ஒட்டும் டாக்டர்? ஒட்டுமானால் ஒலிப்பதிவை எழுத்தாக்கும் செலவை அதில் போடலாமா?" என்று நேராகக் கேளுங்கள். பகுதி நேர மாணவர் என்பதால் மாதச் சம்பளத்தோடு ஆய்வு உதவியாளராக முடியாமல் போகலாம். செலவை ஈடுகட்டுவதற்கு அது பெரும்பாலும் தடை இல்லை.

அடுத்தது பட்டமேற்படிப்புக் கழகமும் உங்கள் புலமும். மாநாட்டு உதவி என்று ஏதாவது ஒரு பெயரில் சின்னத் தொகை ஒன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இருக்கும். ஆண்டுக் கடைசியில் போனால் தீர்ந்துபோயிருக்கும், ஜனவரி, பிப்ரவரியில் போக வேண்டும். அப்புறம் மாநாடு நடத்துபவர்கள். "மாணவி, பகுதி நேரம், நிறுவன ஆதரவு இல்லை, கட்டணத்தில் சலுகை உண்டா" என்று நாலு வரி எழுதினால் பாதிக் கட்டணமாவது குறைய வாய்ப்பு உண்டு. அறிவிப்பில் போடாத சலுகைகள் பல இருக்கும், கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "சிறந்த பெண் ஆய்வாளர் விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் 650 வெள்ளி மட்டும்" என்று மின்னஞ்சல் வரும். வரும் என்ன, வந்திருக்கும். பணம் கட்டி வாங்கும் விருதை மனுவில் எழுதினால், படிக்கும் குழுவில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அதோடு உங்கள் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குவார். பணம் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு நம்மிடம் முன்பணம் கேட்கும் எதுவும் நிதி கிடையாது.

சமூக அமைப்புகளைப் பற்றிக் கேட்பீர்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் கல்வி உதவி கொடுக்கிறது. இந்தியச் சமுதாயத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குகிறார்கள். ஆனால் இங்கெல்லாம் பாரங்கள் டிப்ளோமா, இளங்கலைப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைந்தவை. களப்பணிச் செலவு என்று எழுத அதில் கட்டமே இருக்காது. அதனால் கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்கிறேன்.

உங்கள் தலைப்புக்கு இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. முன்னாள் தோட்ட மக்கள் ஒன்றுகூடல். கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கமெல்லாம் தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இடிந்து 30, 40 ஆண்டு கழித்தும், அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். பழைய படங்களைச் சுவரில் ஒட்டி, யார் எந்த லயம் என்று பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அவர்களில் வழக்கறிஞர் உண்டு, லோரி கம்பெனி வைத்திருப்பவர் உண்டு. "ஆய்வுக்கு நன்கொடை" என்று போனால் கையில் 50 வெள்ளி வைப்பார்கள். "உங்கள் தோட்டத்து ஆயாக்கள் 3 பேரின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்க 270 வெள்ளி ஆகிறது; ஒலிப்பதிவின் ஒரு பிரதி, அந்தப் பாட்டிகள் சம்மதித்தால், உங்கள் சங்கத்துக்கு" என்று போனால் கதை வேறு. ஒரே ஒரு நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆய்வேட்டில் என்ன எழுதுவது என்பது உங்கள் முடிவு. ஆயாக்கொட்டகையில் பிள்ளை தவறிப்போன கதையும் வரும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கவனிப்பு, மற்றவர் பிள்ளைக்கு ஒரு கவனிப்பு என்ற கதையும் வரும். பணம் கொடுத்தவரின் மாமா அதில் கிராணியாக இருக்கலாம்.

இனி கணக்கு. நீங்கள் அனுப்பியது மூன்றே வரி: களப்பணி 2,000, எழுத்தாக்கம் 1,000, மாநாடு 1,000. இதைப் படிக்கும் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும், 4,000-ஐ முதலில் நினைத்துக்கொண்டு பிறகு பிரித்திருக்கிறார் என்று. உருண்டையான எண் யோசிக்காத எண். நான் உங்கள் கடிதத்தில் இருந்த விவரங்களை வைத்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

நிபோங் தெபாலிலிருந்து சுங்கை பட்டாணி வட்டாரம் போய் வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர். உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளும் விகிதம் கிலோமீட்டருக்கு 60 சென் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 78 வெள்ளி, 6 சனிக்கிழமைக்கு 468. டோலும் வண்டி நிறுத்தமும் சேர்த்து ஒரு 100. எத்தனை பேரைப் பார்க்கப் போகிறீர்கள்? 15 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். ஆக, 22.5 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, கை பழகியவருக்கும் 5 மணி நேரமாவது ஆகும். 112.5 மணி நேர வேலை. மணிக்கு 12 வெள்ளி கொடுத்து ஓர் இளங்கலை மாணவியை வைத்தால் 1,350. நீங்கள் போட்டிருந்த 1,000-க்கு 4 பாட்டிகள் எழுத்தில் வராமல் அப்படியே ஒலிப்பதிவில் தங்கிவிடுவார்கள்.

"இப்போதுதான் இயந்திரமே எழுதிவிடுகிறதே" என்று குழுவில் ஒருவர் கேட்பார். மனுவிலேயே பதில் வைத்துவிடுங்கள். தோட்டத் தமிழ் அதற்குப் புரியாது. தண்டல், கிராணி, லயம், நடுவே மலாய், எல்லாம் ஒரே மூச்சில் வரும். வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டைப் பற்றி ஒரு பாட்டி பேசியதை இயந்திரம் "பரோட்டா" என்று எழுதிவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். "விடியற்காலை நாலரைக்குப் பரோட்டாவுக்கு நிக்கணும்." சிரித்து முடித்துவிட்டு மறுபடி கையால் எழுதினோம்.

பேசியவர்களுக்கு வெறுங்கையோடு நன்றி சொல்லிவிட்டு வர முடியாது. ஒரு டின் மைலோ, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஆளுக்கு 25 வெள்ளி, 375. இதை "அன்பளிப்பு" என்று ஒளித்து வைக்காமல் தனி வரியாகவே போடுங்கள். மனித ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கும், உங்கள் பல்கலைக்கழகத்தில் ஜெப்பெம் என்பார்களே அதுதான், இதே தொகையையே எழுத வேண்டும். இரண்டு பாரத்திலும் இரண்டு தொகை இருந்தால் வம்பு. அந்த அனுமதி வர வாரக் கணக்கில் ஆகும், நிதி கொடுப்பவர் அதைக் கேட்பார், அதனால் ஜெப்பெம் முதலில், மனு பிறகு.

மைக்கும் வெளி வன்தட்டும் 400. மடிக்கணினி கேட்காதீர்கள், சின்ன நிதியில் மடிக்கணினி என்ற சொல்லைப் பார்த்தாலே சிலருக்கு முகம் சுளிக்கும். கோலாலம்பூர் மாநாட்டுக்குச் சலுகைக் கட்டணம், பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் இரவு, சேர்த்து 800.

கூட்டினால் 3,493.

விட்டுப்போன வரி இங்கேதான் வருகிறது. 6 சனிக்கிழமை உங்கள் மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். மாநாட்டுக்குப் போகும் 2 நாளும் அவர்தான். அவருக்கு நீங்கள் கொடுப்பது கடிதத்தில் இருக்கிறது, நாளுக்கு 60 வெள்ளி. கணக்கில் இல்லை. ஆயாக்கொட்டகை இல்லாவிட்டால் தாய் மரம் வெட்டப் போயிருக்க முடியாது என்பதுதானே டீச்சர் உங்கள் ஆய்வே? உங்கள் ஆயாவை மட்டும் ஏன் கணக்கிலிருந்து எடுத்தீர்கள்?

இது உங்கள் குற்றம் மட்டும் இல்லை. 19 ஆண்டில் நான் படித்த மனுக்களில் ஆண்கள் கார் வாடகை, தங்கும் விடுதி என்று தயங்காமல் எழுதுவார்கள். பெண்கள் பிள்ளை பார்க்கும் செலவை எழுதினால் "வீட்டு விஷயத்தைக் கொண்டுவருகிறாள்" என்று நினைப்பார்களோ என்று விட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் 1995-ல் நோபல் பரிசு வாங்கிய உயிரியலாளர் கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்ட், 2004-ல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது இளம் பெண் விஞ்ஞானிகளுக்குக் கருவி வாங்கப் பணம் கொடுப்பதில்லை. பிள்ளை பார்க்கவும் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவும் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறது. அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, ஆய்வு நின்றுபோவது எந்த இடத்தில் என்று. நமக்கு அந்த நிதி கிடையாது, ஜெர்மனியில் இருப்பவர்களுக்குத்தான். ஆனால் யாராவது முகம் சுளித்தால் எடுத்துக் காட்ட ஒரு முன்னுதாரணம் ஆயிற்று.

இங்கே சில நிதிகள் இந்த வரியை ஏற்கும், சில ஏற்காது. மனு போடுமுன் அந்த அலுவலருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஏற்கமாட்டோம் என்றால் அழித்துவிடாதீர்கள். "விண்ணப்பதாரரின் பங்களிப்பு" என்று கீழே ஒரு பகுதி வைத்து அங்கே போடுங்கள். 8 நாள், நாளுக்கு 60, மொத்தம் 480. அதோடு உங்கள் கணக்கு 3,973. நீங்கள் கேட்ட 4,000 சரியாகத்தான் இருந்திருக்கிறது, உள்ளே இருந்ததுதான் வேறு.

கிடைத்த பிறகு ஒரு விஷயம். பெரும்பாலும் பணம் முன்னால் வராது, நாம் செலவு செய்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். எனக்கே முதல் மாநாட்டு உதவி கிடைத்தபோது இது தெரியாது. கழுத்துச் சங்கிலியைப் பஜாக் கடையில் அடகு வைத்து டிக்கெட் எடுத்தேன். சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது, அது ஒன்றுதான் ஆறுதல். திரும்பி வந்து பாரம் கொடுத்தால், விமானத்தில் ஏறும்போது கிழித்துத் தரும் துண்டுச் சீட்டு எங்கே என்றார்கள். குப்பையில் போட்டிருந்தேன். 5 மாதம் இழுத்து, பாதிதான் வந்தது. அன்றிலிருந்து என் கைப்பையில் ஓர் உறை, எல்லா ரசீதும் அதற்குள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சில மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். முன்பணம் பாதியாவது உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்பதில் தப்பே இல்லை.

இடையில் பிள்ளைப்பேறு வந்தால், வேலையில் இருப்பவருக்குத் தனியார் துறையிலும் 2023 முதல் 98 நாள் விடுப்பு உண்டு. ஆய்வு நிதிக்கு அப்படித் தானாக எதுவும் நிற்காது. பருவத்தை ஒத்திவைத்தால் நிதி அலுவலகத்துக்கும் தனியாக எழுதிக் காலநீட்டிப்பு வாங்க வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை மறந்து, முடிவுத் தேதி தாண்டிப்போய்ப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

வரி பற்றிச் சுருக்கமாக. உபகாரச் சம்பளம் போன்ற உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. நீங்களே கட்டும் முதுகலை, முனைவர் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வரிக்கழிவு உண்டு, ரசீதை வைத்திருங்கள். தனியார் துறையில் இருக்கும் பெண்கள் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம். எனக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை. கடைசிக் காலப் பணம் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இருப்பவர்கள் அதற்கு முன் தங்கள் மனிதவள அதிகாரியைப் பார்க்கட்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரும்பாலான நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. அந்தப் பணம் பயிற்சிக்குத்தான், கேட்க ஆளில்லாமல் கிடப்பதும் உண்டு.

நீங்கள் அடுத்த வாரம் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். கணக்கைத் திருத்தி எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு ரசீது கேட்டு வையுங்கள். கடையில் விற்கும் ரசீதுப் புத்தகம் போதும். தேதி, நேரம், 60 வெள்ளி, அவர் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. "எதுக்கும்மா இதெல்லாம்" என்று சிரிப்பார். அவர் தோட்டத்தில் வளர்ந்தவரா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள். அந்த வயதென்றால், உங்கள் 15 பேரில் ஒருவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.